வீங்கிய உதட்டின் சட்டம்

சென்ற வாரம் மிஷன் வீதியில் ஒரு கல்யாண ஊர்வலத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். டிரம்பெட் வாசித்தவர் இரண்டு பாட்டுகளுக்கு நடுவே கருவியைத் தாழ்த்தி, அதன் பொத்தான்களுக்கு எண்ணெய் விட்டார். தேங்காயெண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், நண்பரே, முதலியார்பேட்டையில் எங்கள் பழைய வீட்டுக் கூடத்துக்கே போய்விட்டேன்.

அந்தக் கூடத்தில் இரண்டு வாய்கள் ஓயாமல் உழைத்தன. ஒன்று என்னுடையது. கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் வென்ற செருக்கில், கண்ணாடியைப் பார்த்தே "அவைத் தலைவர் அவர்களே" என்று விளிக்கும் வாய். மற்றது அண்ணன் மரியதாஸினுடையது. பகலில் மில்லில் தறி, மாலையில் மாதா கோயில் பேண்டில் டிரம்பெட் என்று வாழ்ந்தவன். எழுபதுகளின் கடைசியில் மில் கதவடைத்தது. அண்ணி நிறைமாதம். அந்த வேளையில்தான் காவல்துறை பேண்டில் ஒரே ஒரு டிரம்பெட் இடம் காலியானது.

அண்ணனுக்கு வாத்தியம் சொல்லிக்கொடுத்த பேண்டு தலைவரை ஊரே 'ஷெஃப்' என்றுதான் அழைத்தது; பிரெஞ்சில் தலைவர் என்று பொருள். சைகோனில் பிரெஞ்சுப் படையின் பேண்டில் இருந்தவர். எனக்கு விவரம் தெரியும் முன்பே மறைந்துவிட்டார். அவர் வாக்குகள் மறையவில்லை. கன்னத்தை உப்பாதே. மேல் சுரத்துக்கு உதட்டை அழுத்தாதே, மூச்சைக் கொடு. ஊதிய அளவுக்கு ஓய்வெடு. இவற்றை அவர் தம் ஆசானிடம் பெற்றாராம். அவருடைய மாணவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஷெஃபின் சொல்லைச் சொல்கிறவர், கருவியின் ஊதுவாயைக் கழற்றி நெற்றியில் வைத்துக்கொண்டுதான் சொல்லவேண்டும். வைக்காமல் சொன்னால் அது சொந்தச் சரக்கு. மேற்கோளுக்கு இத்தனை ஒழுங்கை நான் ஏறிய எந்த மேடையிலும் கண்டதில்லை.

ஆனால் ஓய்வு என்பது வேலை இருப்பவனுக்கு வாய்ப்பது. வேலை போன அண்ணன் விடிந்தது முதல் பொழுது அடையும் வரை ஊதினான். தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில் மேலுதடு வீங்கி வெடித்தது.

அன்று லூர்து வந்தான். அதே மில்லில் அதே வரிசையில் தறி ஓட்டியவன், அதே ஷெஃபின் மாணவன், அதே இடத்துக்கு விண்ணப்பம் போட்டவன்.

"வாயக் காட்டுடா. பணியாரம் மாதிரி ஆக்கி வெச்சிருக்கியே. தேர்வு வரைக்கும் டிரம்பெட்டத் தொடாத."

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள். "நீயுந்தானப்பா எழுதிப் போட்டிருக்க? இவன் ஊதலன்னா யாருக்கு லாபம்?"

லூர்து சட்டைப்பையிலிருந்து தன் ஊதுவாயை எடுத்து நெற்றியில் வைத்தான். "ஷெஃப் சொன்னது. வீங்குன உதட்டுல ஊதுறவன், நாளைக்கு உள்ள உதட்டையும் இன்னைக்கே திங்கறான்."

அவன் படியிறங்கியதும் நான் எழுந்தேன். ஆதாயம் கருதும் சாட்சியின் சொல்லை அவை ஏற்கலாகாது என்று தொடங்கினேன்.

"உனக்கு மணி அடிச்சாச்சு, உக்காருடா," என்றான் அண்ணன். டிரம்பெட்டைப் பெட்டியில் வைத்துப் பரண் மேல் ஏற்றினான்.

அதன்பின் எங்கள் வீடு வாயடைத்துக் கிடந்தது. அடுத்த தெருவிலிருந்து லூர்துவின் டிரம்பெட் காலையில் தொடங்கும். விளக்கு வைத்த பிறகும் ஓயாது.

"கேக்குதா? உன்ன அடக்கி வெச்சிட்டு அவன் ஊதறான் பாரு," என்பாள் அம்மா.

அண்ணியின் முகத்தைப் பார்க்க அஞ்சி அண்ணன் சுவரைப் பார்ப்பான். ஒருமுறை அவன் கை பரண்வரை உயர்ந்தது, வெறுமனே இறங்கியது.

தேர்வு நாளில் நானும் உடன் சென்றேன். முதலில் லூர்துவை அழைத்தார்கள். கீழ்ச் சுரங்கள் அழகாக வந்தன. மேலே ஏறினான், வெறுங்காற்று வந்தது. மறுபடி ஏறினான், மறுபடியும் காற்று. அடுத்து அண்ணன் ஊதினான். ஆறிய உதடு அவனைக் கைவிடவில்லை. இடம் அவனுக்கே என்று அங்கேயே சொன்னார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் லூர்து கைக்குட்டையை வாயில் ஒற்றிக்கொண்டு நின்றான். துணியில் ரத்தம்.

"எனக்குச் சொன்னியேடா. நீ ஏன் ஓய்வெடுக்கல?" என்று கேட்டான் அண்ணன்.

"வூட்டுல சும்மா குந்த முடியலடா. நாலு புள்ளைங்க மொகத்தப் பாக்கணும்ல?" என்றான் லூர்து. பிறகு, "உன் வூட்டுக்கு நான் வந்தேன். என் வூட்டுக்கு யாரு வந்தா?"

அண்ணன் சீருடை அணிந்து நெடுங்காலம் வாசித்து ஓய்வு பெற்றான். லூர்து தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் சேர்ந்தான், ஊதுவதை விட்டான், பிறகு ஊரையும் விட்டான். மில்லின் சங்கொலி இன்றில்லை. நெற்றியில் ஊதுவாய் வைத்துப் பேசுவோர் இல்லை. எங்கள் வீடும் இல்லை, அவன் வீடும் இல்லை. இரண்டுக்கும் நடுவே இருந்த சந்து மட்டும் இருக்கிறது. கல்யாண ஊர்வலத்தைக் கண்ட அன்று மாலை அதில் நடந்து பார்த்தேன். ஒரு பாட்டு முடிவதற்குள் கடந்துவிடலாம்.