கடதாசியில் விழுந்த சூரியன்

ஏறாவூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அஸீமா எவரையும் எளிதில் நம்பமாட்டாள். முன்பு கொழும்பில் வேலை செய்த கடையில், வேறொருவர் கீறிய வில்லைக்கு அவள்மேல் பழி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் குணம்.

வந்தாறுமூலையைச் சேர்ந்த யோகராசா வாவியில் பறவை பார்க்கிறவர். அவள் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டிக் கொடுத்த பைனாகுலரை மறு கிழமையே திருப்பிக் கொண்டுவந்தார்.

"தங்கச்சி, இதுக்குள்ளால வெயிலக் கடதாசியில விழுத்தினா ரெண்டு கறுப்புப் புள்ளி தெரியுது. வில்லை கீறுப்பட்டிரிக்கு போல."

தானே கீறிவிட்டு வந்து நிற்கிறார் என்று அவளுக்குப் பட்டது.

"வெச்சிட்டுப் போங்க. பாத்துச் சொல்றன்."

மறுநாள் காலை பத்து மணிக்குப் பைனாகுலரைக் கடை வாசலில் நிறுத்தி, கண் வைக்காமல், சூரியனை வெள்ளைக் கடதாசியில் விழுத்தினாள். விளிம்போரம் இரண்டு புள்ளிகள் இருந்தன. மற்றக் குழலால் விழுத்தினாலும் அதே இடத்தில் அதே புள்ளிகள். வில்லையில் பிழையில்லை. அப்படியென்றால் சூரியனிலா? அதையும் நம்பாமல் பென்சிலால் குறித்து வைத்தாள்.

அடுத்த நாள் அதே நேரத்தில் பார்த்தபோது இரண்டும் நகர்ந்திருந்தன.

"கடதாசியத் தொட்டீங்களா?" என்று புருஷன் றிஸ்லானைக் கேட்டாள்.

"எனக்கு வேற வேல இல்லையா?"

கடதாசியை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். பிறகும் புள்ளிகள் நாள்தோறும் ஒரே பக்கமாக நகர்ந்தன. சூரியன் சுழல்கிறது என்பது பிடிபட்டது. ஆனால் சூரியனின் நடுக்கோட்டுக்குக் கிட்ட இருந்த புள்ளி முந்திப் போக, மேலே இருந்தது ஒரு நெல் அளவு பிந்தியது. ஒரே பந்தில் இரண்டு வேகமா? தன் கையையே சந்தேகித்து மூன்று தடவை அளந்தாள்.

பத்தாம் நாள் யோகராசா தயங்கித் தயங்கி வந்தார்.

"வாசிச்சுப் பாத்தன், தங்கச்சி. அது சூரியன்ட புள்ளிதான். சூரியன் கல்லுப் போல இறுகினதில்ல, கொதிக்கிற வாயு. நடுப்பகுதி இருபத்தஞ்சு நாளில சுத்துமாம். துருவப் பக்கம் ஒரு மாசத்துக்கும் மேல. பூமியும் ஓடுறதால நமக்கு நடுப்பகுதி இருபத்தேழு நாள் போலத் தெரியும்."

"அப்ப மேல இருந்தது பிந்தினது என்ட பிழையில்ல."

"இல்ல. நான்தான் உங்களப் பிழையா நினைச்சிட்டன்."

"நானும் உங்களக் கள்ளன் எண்டுதான் நினைச்சன்."

இருவரும் சிரித்தார்கள். புள்ளிகள் சூரியனின் மறுபக்கம் போய் மறைந்தன. முதல் நாள் குறித்ததிலிருந்து இருபத்தேழாம் நாள், கிட்டத்தட்ட அதே இடத்தில், சிறுத்துப்போன ஒரு புள்ளி தெரிந்தது. அஸீமா யோகராசாவுக்குப் போன் எடுத்தாள்.

"ஒண்டு வந்திரிக்கு. ஆனா பழையதுதான் எண்டு எப்படி நம்புறது? இன்னொரு சுத்துப் பாக்கணும். பைனாகுலர் இஞ்சயே கெடக்கட்டும்."

யோகராசா உடனே கேட்டார்.

"திருப்பித் தருவீங்கதானே, தங்கச்சி?"

அடுத்த நாள் பத்து மணிக்கு அவரே கடைக்கு வந்து, கடதாசியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார்.