துரை கொடுத்த சேவல்

இப்போதெல்லாம் ஒப்பந்தம் என்றால் கொழும்பில் நீள மேசை போட்டு, தண்ணீர்ப் போத்தல் வைத்து, ஆளுக்கொரு பேனாவோடு உட்கார்ந்து படம் பிடித்துக்கொள்கிறார்கள். படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது நமக்குப் பிறகுதான் தெரிகிறது. நான் சிறுமியாக இருந்தபோது லிந்துலைப் பக்கத்தில் எங்கள் தோட்டத்திலும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அதற்குப் பேனா தேவைப்படவில்லை. ஒரு சேவல் போதும்.

காட்டை வெட்டித் தேயிலை போட்ட காலத்தில் ஆற்றோரத்துப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் தேங்கிச் செடி அழுகிப் போனதாம். ஒன்றுக்கும் உதவாத அந்தத் துண்டை முதல் வெள்ளைக்காரத் துரை எங்கள் ஆட்களுக்கு விட்டுவிட்டார். நீங்கள் காய்கறி போட்டுக்கொள்ளுங்கள், எனக்குக் குறையில்லாமல் கவ்வாத்து வெட்டிக் கொடுங்கள் என்றாராம். தேயிலைச் செடியின் தலையை இறக்கி வெட்டுவதுதான் கவ்வாத்து. அது நடக்காவிட்டால் செடி மரமாகிவிடும், துரை ஏணி வைத்துக் கொழுந்து பறிக்க வேண்டியதுதான். எங்கள் ஆட்கள் கையெழுத்துக் கேட்கவில்லை. கவ்வாத்துச் சாமிக்கு முன்னால் உங்கள் கையால் ஒரு சேவல் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தார். அவருக்குப் பின் வந்த துரைமாரும் கவ்வாத்து தொடங்கும் காலையில் சேவலோடு வந்து, முதல் செடியில் முதல் வெட்டையும் வெட்டிவிட்டுப் போனார்கள். சேவல் வந்தால் ஆற்றோரம் எங்களுக்கு, கவ்வாத்து துரைக்கு. எனக்கு எழுத்து வருவதற்கு முன்பே இது தெரியும். எழுத்து அதற்கப்புறமும் அவ்வளவாக வரவில்லை.

எனக்கு ஏழெட்டு வயதில் ஒரு புதுத் துரை வந்தார். இளவட்டம். முழங்கால்வரை வெள்ளை மேஸ், அதாவது காலுறை, போட்டிருப்பார், கோபம் அதற்கும் மேலே ஏறியிருக்கும். அதற்குள் எங்கள் ஆட்கள் வாய்க்கால் வெட்டி, சாணம் சுமந்து, ஆற்றோரத்தைக் கறுத்த மண்ணாக்கி வைத்திருந்தார்கள். துரை அதைப் பார்த்தார். தேயிலைக் கன்று வளர்க்க இதைவிட நல்ல இடம் ஏது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. காலைப் பெரட்டில், எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும்போது சொல்லிவிட்டார்: கவ்வாத்து தொடங்குவதற்குள் காய்கறியெல்லாம் பிடுங்கியாக வேண்டும், சேவலும் கிடையாது.

அம்மாவின் அண்ணன், என் மாமா, கவ்வாத்து வெட்டுகிறவர். அவர் முன்னால் போய் நின்று பழைய பேச்சைச் சொன்னார்.

"கடுதாசி இருக்கா?" என்றார் துரை. "இருந்தா காட்டு. இல்லாட்டி போ."

அன்று எங்கள் லயத்து வரிசை வீட்டில், காம்பிரா என்கிற ஒற்றையறையில், அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். அப்பா பங்களாவில் தோட்டக்காரர். துரையின் ரோஜாவுக்கு ஒரு முள் குத்தினாலும் பதில் சொல்ல வேண்டியவர். அதனால் மெதுவாகத்தான் பேசினார்.

"அவரு குடுக்க மாட்டாரு மச்சான். ஒரே புடியா நிக்கிறாரு."

"மாட்டேங்கிற ஆளு கையிலருந்து வாங்கறதுலதான் மாப்புள்ள சாமர்த்தியம்," என்றார் மாமா. சொல்லிவிட்டு வாசலில் மேய்ந்துகொண்டிருந்த அத்தையின் சிவப்புச் சேவலைப் பார்த்தார்.

அத்தைக்குப் புருஷனின் கண் போகிற திசை தெரியும். "எஞ் சேவல எதுக்குப் பாக்குறீங்க?"

"அழகா இருக்கே, பாத்தேன்."

"கல்யாணம் பண்ணி இத்தன வருசத்துல என்னைய அப்பிடிப் பாத்ததில்லையே."

மாமா என்னைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்தார். மாமா மடியில் உட்கார வைத்தால் ஏதோ வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

கவ்வாத்து தொடங்கும் நாள் காலை அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. கம்பளிக்குள் படுத்தபடி சூடாக மூன்று ரொட்டி சாப்பிட்டார், அப்படியொரு காய்ச்சல். நான் சேவலைக் கூடையில் மூடிக்கொண்டு போய்ப் பங்களாவின் ரோஜாப் பாத்தியில் விட்டேன். அது என்னைவிடப் புத்திசாலி. யாரும் சொல்லிக் கொடுக்காமலே புதிதாக வைத்த செடியாகப் பார்த்துக் கிளறியது.

துரை தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்தார். கோப்பை ஒரு பக்கம் போனது. அந்த வெள்ளை மேஸோடு பாத்திக்குள் இறங்கி விரட்டிச் சேவலைப் பிடித்துவிட்டார். நான் வேலியோரம் நின்றிருந்தேன்.

"ஏய் குட்டி. யார் கோழி இது?"

மாமா சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். "பெரட்டுல கடுதாசி கேட்டீங்களே, அந்த மாமாவ மலையில கேட்டாத் தெரியும் தொர."

மாமா போட்ட கணக்கு இதில்தான் இருந்தது. இந்தத் துரைக்குத் திட்டுவதற்கு ஆள் அனுப்பிப் பழக்கமில்லை. தானே போய்த் திட்டினால்தான் காலைச் சாப்பாடு இறங்கும். சேவலைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு மலைக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

மலையில் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு வைத்திருந்தார்கள், அதுதான் கவ்வாத்துச் சாமி. அதன் முன்னால் கவ்வாத்துக் கத்திகள் வரிசையாகக் கிடந்தன, நுனியில் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது. துரை நேராக மாமாவிடம் போய், "பிடி, உன் பிசாசை," என்று சேவலை நீட்டினார்.

மாமா தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் அதை வாங்கினார். தப்பு மேளம் முழங்கியது. யாரோ துரையின் கழுத்தில் மாலையைப் போட்டார்கள். அத்தை மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "எஞ் சேவல எங்களுக்கே குடுக்குறாரு பாரு," என்றாள். பக்கத்தில் நின்ற அம்மா அவள் காலை மிதித்தாள்.

துரை மாலையைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். வெட்டுக்கு நிற்கிற அத்தனை ஆட்களையும் பார்த்தார். அவர் முகம் பீற்றூட் நிறத்துக்குப் போனது. தனக்கு என்ன நடந்தது என்று அவருக்கு விளங்கிவிட்டது.

தப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு மாமா சேவலை அவரிடமே நீட்டினார். இதை அவர் எங்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"ஏமாத்தி வாங்குனதா இருக்க வேணாம் தொர. சேவல் நிண்டா ஆத்தோரம் எங்களுக்கு, கவ்வாத்து ஒங்களுக்கு. வேணாம்னா இந்தா, திருப்பி வாங்கிக்குங்க. நாங்களும் கத்தியத் தொடாம எறங்கிப் போறோம்."

அப்பாவின் வேலை போய்விடும் என்று அம்மாவின் கை என் தோளில் இறுகியது. துரை கையை நீட்டினார். சேவல் அந்த நேரம் பார்த்து அவருடைய வெள்ளை மேஸில் எச்சமிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று சிரிக்காமல் இருந்ததுதான் எங்கள் ஆட்கள் செய்த பெரிய வேலை என்று நினைக்கிறேன்.

நீட்டிய கையைத் துரை கீழே இறக்கினார். குனிந்து ஒரு கத்தியை எடுத்தார். முதல் செடியைக் கோணல்மாணலாக ஒரு வெட்டு வெட்டினார்.

"சரி," என்றார். "நின்று பார்க்காதே. வெட்டு."

அன்று மத்தியானம் சேவல் குழம்பாகிவிட்டது. இத்தனை ஓட்டம் ஓடிய எனக்குக் கழுத்துத் துண்டுதான் கிடைத்தது. அதில் எனக்குப் பெரிய கோபம்.

சாயங்காலம் காய்ச்சல் தெளிந்த அப்பா, லயத்துக்குப் பின்னால் ஒரு தகர டப்பாவில் மறைத்து வளர்த்துவந்த பேரிக்காய்க் கன்றைத் தூக்கிக்கொண்டு ஆற்றோரம் இறங்கினார். எங்கள் போஞ்சிக்காய் வரிசையில் பாதியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அங்கே குழி வெட்டினார். இலைகூட இல்லை, வெறும் குச்சி. அம்மா தண்ணீர் ஊற்றினாள். சேவலுக்காக அழுதுகொண்டிருந்த அத்தையும் அடுப்புச் சாம்பல் கொண்டுவந்து போட்டாள். லயத்துச் சனமெல்லாம் ஒவ்வொருவராக இறங்கி வந்து நின்றார்கள்.

"இது எப்ப காய்க்கும்?" என்று கேட்டேன்.

"நீ பெரிய மனுசியாகி, ஒம் புள்ள வந்து பறிக்கும்," என்றார் அப்பா. அவர் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. அந்தக் காய்ச்சல் நிஜமாகவே வந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

ஆற்றோரத்தில் அதுவரை முள்ளங்கி, போஞ்சி, கரட் தவிர வேறெதுவும் முளைத்து நான் பார்த்ததில்லை. எந்தத் துரை எப்போது பிடுங்கச் சொல்வாரோ என்று அங்கே யாரும் மரம் வைத்ததில்லையாம். இரண்டு மாதத்தில் காய்க்கும் போஞ்சியைப் பிடுங்கிவிட்டுக் காய்க்காத குச்சியை நடுகிறார்களே, இந்தப் பெரியவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்றுதான் எனக்குத் தோன்றியது. மழை தூறத் தொடங்கியும் அவர்கள் போகவில்லை. ஒரு குச்சியில் அப்படிப் பார்க்க என்ன இருக்கிறது என்று அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன்.