மலைத் தண்ணீர் பாட்டில்

ஆறாம் வகுப்புக்கு என்னை வால்பாறையிலிருந்து அழைத்துவந்து கோயமுத்தூர் கணபதியில் அத்தை வீட்டில் விட்டார்கள். அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்திலேயே இருந்தார்கள். அப்பா மாதம் ஒருமுறை வருவார். அம்மா கொடுத்தனுப்பும் முறுக்கு ஒரே நாளில் தீர்ந்துபோகும். தோட்டத்தில் எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடைத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் அனுப்புவாள். அதை நான் தீரவிட மாட்டேன். அத்தையும் மாமாவும் வேலை முடிந்து வர இருட்டிவிடும். பள்ளியிலிருந்து வந்து பூட்டைத் திறந்ததும் ஒரு மூடி ஊற்றிக் குடிப்பேன். அவ்வளவுதான்.

ஒருநாள் அறிவியல் டீச்சர் அவரவர் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னார். கோயமுத்தூரில் தண்ணீர் இரண்டே வகை, குழாயில் வரும் சிறுவாணி நல்ல தண்ணி, போரில் வரும் உப்புத் தண்ணி. வகுப்பில் பாதிப் பேர் உப்பான போர் தண்ணீரைக் கூச்சத்தோடு கொண்டுவந்தார்கள். நான் ஓடைத் தண்ணீரைக் கொண்டுபோய், சிறுவாணியைவிட ருசி என்று முணுமுணுத்தேன்.

“சிறுவாணியே இதுகிட்டப் பிச்சை வாங்கோணுமாக்கும்?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“குடிச்சுப் பாத்துட்டுப் பேசு புள்ள.”

அந்த வகுப்பில் நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

மருந்து போட்ட சிறு புட்டிகளில் தண்ணீரை ஊற்றி மூடி, ஜன்னலோரம் வைத்தோம். கிருமி இருந்தால் கறுக்கும் என்றார் டீச்சர். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது போர் தண்ணீர் நிறம் மாறாமல் இருந்தது. என் புட்டி மை போலக் கறுத்திருந்தது.

“உப்பு நாக்குக்குத் தெரியும் கண்ணு, கிருமி தெரியாது. ஊட்டுல காய்ச்சிக் குடிக்கச் சொல்லு” என்றார் டீச்சர். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் சொன்னேன்.

“மிச்சத்தைக் கொட்டிப்போடு சாமி” என்றாள்.

அடுத்த மாதம் அப்பா வந்தார். பையில் முறுக்கு மட்டும் இருந்தது. அவர் பஸ் ஏறிப் போன பிறகும் பையை ஒருமுறை துழாவிப் பார்த்தேன். நம் தண்ணீரைக் குறை சொன்னதால் அம்மாவுக்குக் கோபம் என்றே முடிவு செய்தேன். அடுத்த ஞாயிறு போன் அடித்தபோது எடுக்கவில்லை. கிருமி என்று எனக்குத் தராமல் நிறுத்திய அந்தத் தண்ணீரை விட்டால் அங்கே அவர்களுக்குக் குடிக்க வேறு என்ன இருந்தது என்று அன்று எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.