நஸீஹா மறைக்காத நோய்

திருப்பாலைக்குடி லத்தீபாவின் முதல் பிள்ளை, பிறந்த சில வாரங்களிலேயே பால் கக்கி வற்றிப்போய் இறந்தது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. அடுத்துப் பிறந்த நஸீஹாவும் அப்படியே துவண்டபோது லத்தீபா காத்திருக்கவில்லை. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் பிறவிக் கோளாறு என்றார் மருத்துவர். உடம்பில் உப்பைப் பிடித்துவைக்கும் ஹார்மோனும், காய்ச்சலைத் தாங்கவைக்கும் கார்டிசோலும் போதுமான அளவு சுரக்கவில்லை. ஆண்தன்மை தரும் ஹார்மோனோ அளவுமீறிச் சுரக்கிறது. தாய், தகப்பன் இருவரிடமும் வெளியே தெரியாமல் இருந்த குறை, பிள்ளையிடம் சேர்ந்துவிட்டது.

"மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்கம்மா. நல்லா வளருவா."

வளர்ந்தாள். படித்தாள். பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்துச் சம்பாதித்தாள்.

பாம்பனிலிருந்து சஃபீர் வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று, "நோவப் பத்தி வாயத் தொறக்காத" என்று லத்தீபா கெஞ்சினாள். நஸீஹா கேட்கவில்லை. மாப்பிள்ளையின் தாய் ஹமீதா பானுவிடம் நேராகவே சொன்னாள்.

"மாமி, நான் ஆயுசுக்கும் மாத்திரை போடணும். காய்ச்சல் வந்தா கூட்டிப் போடணும். வாந்தி நிக்கலன்னா உடனே ஊசி."

"புள்ள பொறக்குமா?"

"பொறக்கும்னுதான் டாக்டர் சொல்றாங்க. ஆனா உங்க மகனுக்கும் ரத்தம் பாக்கணும்."

"எம் மகனுக்கு என்ன கொற?" ஹமீதா பானுவின் முகம் சிவந்தது.

சஃபீர் குறுக்கிட்டான். "பாத்தாத்தானே தெரியும்? நான் பாக்குறேன் உம்மா."

சோதனையில் அவனுக்கு அந்தக் குறை இல்லை. நிக்காஹ் முடிந்தது. விடுப்பு தீர்ந்ததும் அவன் வேலை பார்க்கும் துபாய்க்குத் திரும்பினான். நஸீஹா மாமியாருக்கு ஊசி போடப் பழக்கினாள்.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலும் வாந்தியும் கண்டு அடுப்படியில் சரிந்தாள். விழுங்கிய மாத்திரை எதுவும் தங்கவில்லை.

"தொடையில... யோசிக்காம குத்துங்க மாமி."

ஹமீதா பானு மருந்துப் பையிலிருந்து ஊசியை எடுத்தாள். "பிஸ்மில்லாஹ்" என்று மருந்தை ஏற்றிவிட்டு, ஆட்டோவைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

"இவங்க போட்ட ஊசிதான் உங்களக் காப்பாத்துச்சு" என்றார் மருத்துவர்.

அதன் பிறகு மருந்துப் பை ஹமீதா பானுவின் பொறுப்பானது. சஃபீர் அடுத்த விடுப்பில் வந்துபோன பின் நஸீஹா கருவுற்றாள். பிரசவத்துக்கு மருந்தை எவ்வளவு கூட்டுவது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவைத்திருந்தாள். மகள் தஸ்னீம் நோயின்றிப் பிறந்தாள். வீடு திரும்பியதும் ஹமீதா பானு பால்சுறாப் புட்டை நீட்டினாள்.

"தின்னு. பால் ஊறும்."

நஸீஹா இரண்டாம் தட்டும் கேட்டு வாங்கினாள்.