சகலையின் தலைக்கு மேல் மீன் தொட்டி

செல்லூரில் நாங்கள் இருக்கும் வீடு என் மாமனார் கட்டியது. கீழ்வீட்டில் அவருடைய மூத்த மகளும் அவள் புருஷனும் அவர்கள் பெண்ணும் இருக்கிறார்கள். மாடியில் நானும் என் மனைவியும். சகலை சேலை வாங்கி விற்கிறவர், வாயாலேயே பிழைக்கிறவர். நான் பவர்லூமில் தறி ஓட்டுகிறேன். தறிச் சத்தத்தில் நின்று நின்று பேச்சு குறைந்துவிட்டது என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்வேன். உண்மை அதுவல்ல. நாலு பேர் நிற்கும் இடத்தில் சின்ன வயதிலிருந்தே எனக்கு வாய் எழாது.

பிள்ளைகள் இல்லாத வீட்டில் ஒரு மீன் தொட்டி வைத்தேன். கடையில் விற்கிற சின்னத் தொட்டி இல்லை. ஹாலின் ஒரு சுவரை முக்கால்வாசி அடைக்கிற கண்ணாடித் தொட்டி. அதற்கு அடியில் இன்னொரு தொட்டி. கீழ்த்தொட்டியில் இருக்கும் மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும். மேலே நிறைந்தது மூலையில் தடுத்த சின்ன அறைக்குள் வழிந்து, அங்கிருக்கும் குழாய் வழியாகக் கீழே இறங்கும். இப்படிச் சுற்றிக்கொண்டே இருந்தால் தண்ணீர் கெடாது. சாயங்காலம் வேலை விட்டு வந்து அதன் முன்னால் உட்கார்ந்தால் யாரோடும் பேச வேண்டியதில்லை.

அந்தக் குழாயை நானே போட்டேன். கண்ணாடியில் ஓட்டை போட்டு மாட்டுகிற இணைப்பின் மரைக்கு நூல் சுற்றுவார்கள். கையில் இருப்பதை எடுப்பதுதானே பழக்கம். தறியில் மிச்சம் விழுந்த பாவு நூலை நன்றாக இழுத்துச் சுற்றினேன். முறுக்கேறிய, விறைப்பான நூல். முதல் வாரம் ஒரு சொட்டு வரவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

சகலையின் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று அந்த இணைப்பு விட்டுப்போனது. தண்ணீர் தரையில் பரவி, மூலையில் வீட்டுத் தண்ணீர்க் குழாய் இறங்கும் ஓட்டை வழியாகக் கீழ்வீட்டுக்குப் போய், மூலைக் கட்டிலில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா கையில் வைத்திருந்த காபி டம்ளருக்குள் சொட்டியது. என்னைக் கூப்பிட்டார்கள். கையில் துணியோடு இறங்கி வந்தேன். வந்தவர்கள் சிரித்தபடிதான் இருந்தார்கள், யாருக்கும் கோபமில்லை. சகலை மட்டும் எழுந்து என் தோளில் கை போட்டு, அவர்களுக்கு என்னை அறிமுகம் செய்தார்.

"இவரு நம்ம சகல. படிப்பு நாலாங்கிளாஸு. புள்ளையும் இல்ல. அதான் மீனுக்குப் பேரு வச்சுக் கூப்பிட்டுக்கிட்டு இருக்காரு."

எல்லோரும் இன்னொரு முறை சிரித்தார்கள். மீனுக்கு நான் பேர் வைத்ததில்லை. என் மனைவி காபித் தட்டோடு வாசல்படியில் நின்றிருந்தாள். அவள் தட்டை அங்கேயே கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போனதைப் பார்த்தேன். நான் குனிந்து தரையைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே, இந்த ஆளை விடக்கூடாது என்று நினைத்தேன்.

சம்பந்தம் நல்லபடியாகவே முடிந்தது. நானும் இணைப்பை இப்போதைக்கு இறுக்கித் தொட்டியை மறுபடி ஓடவிட்டேன். அதற்குப் பிறகும் சகலை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சந்தில் தறிகள் நிற்கும். அன்றைக்கு மட்டும்தான் எங்கள் தெருவில் காது கேட்கும். அப்போது குழாய் கொடகொடவென்று சத்தம் போடுகிறது, கண்ணை மூட முடியவில்லை என்று மாமாவிடம் புகார் சொன்னார். மாமா திருவாதவூரில் வயலைப் பார்த்துக்கொண்டிருப்பவர். ஞாயிறு தோறும் பஸ் ஏறி வந்து மூத்த மகள் வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் போவார். அவர் என்னைக் கூப்பிட்டு, இனி ஒரு சொட்டு விழுந்தாலோ சத்தம் கேட்டாலோ தொட்டியைத் தூக்கிவிட வேண்டியதுதான் என்றார். சரி மாமா என்றேன். பின்னால் சகலை பல் குத்திக்கொண்டு நின்றார்.

தொட்டி அவர் தலைக்கு மேலேயே இருக்க வேண்டும், அவருக்கு ஒரு குற்றமும் கிடைக்கக் கூடாது. அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை.

கோரிப்பாளையத்தில் பைப் சாமான் விற்கிற பாய் ஒருவர் உண்டு. கழற்றிய இணைப்பைக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் நூலை நகத்தால் கிள்ளி, விரலில் தேய்த்துப் பார்த்தார். பிசுபிசுவென்று ஒட்டியது.

"அண்ணே, கஞ்சி போட்ட நூலையா சுத்துனீங்க?"

ஆமாம் என்றேன்.

"மீனுக்குக் கஞ்சி காய்ச்சி ஊத்திருக்கீங்க. தறிக்காரவுகளத் தவிர வேற யாருக்கும் இந்த யோசன வராதுண்ணே."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரித்தது எனக்கு வலிக்கவில்லை. பாவு நூலின் விறைப்பு கஞ்சியால் வருவது. தண்ணீரில் கஞ்சி கரைந்தால் நூல் தளரும். தினமும் அதைக் கையில் பிடிக்கிறவன் நான், எனக்கு அது தோன்றவில்லை. கண்ணாடிக்கு நூலே வேண்டாம், இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர் வைத்துக் கையாலேயே இறுக்கினால் போதும் என்று சொல்லிக்கொடுத்தார். சத்தத்துக்கும் வழி சொன்னார். குழாய் தண்ணீரோடு காற்றையும் விழுங்கும்போதுதான் கொடகொடக்கும். காற்றுக்கு இடம் கொடுக்காமல் செய்தால் ஊமையாகிவிடும்.

ஒற்றைக் குழாயை எடுத்துவிட்டு இரண்டு வைத்தேன். ஒன்றின் வாய் எப்போதும் தண்ணீருக்குள் முங்கியிருக்கும். அதன் கீழ்ப்பக்கம் ஒரு வால்வு. இன்னொன்றின் வாய் கொஞ்சம் உயரத்தில். வால்வை மூட மூட மூலை அறையில் தண்ணீர் ஏறும். உயரக் குழாயின் விளிம்பைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். பெரும்பகுதித் தண்ணீர் முங்கிய குழாயில் காற்றில்லாமல் இறங்கும். மிச்சம் இன்னொன்றின் உள்சுவரை ஒட்டி, எண்ணெய் வழிவதுபோல் இறங்கும். முங்கிய குழாய் அடைத்துக்கொண்டால் மற்றது காப்பாற்றும். இரண்டின் கீழ் நுனியும் கீழ்த்தொட்டித் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விழுகிற சத்தம் கேட்கும்.

வால்வை ஒரு மயிரிழை திருப்பிவிட்டு உட்கார்ந்து கேட்பேன். மறுபடி திருப்புவேன். கரண்ட் போனால் மேலிருந்து இறங்கும் தண்ணீரைக் கீழ்த்தொட்டி தாங்குமா என்று மோட்டாரை நிறுத்திப் பார்த்தேன். முங்கிய குழாயைத் துணியால் அடைத்துப் பார்த்தேன். இணைப்புகளுக்கு அடியில் பழைய பேப்பரை விரித்து வைத்து, வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் தொட்டுப் பார்த்தேன். பேப்பர் மொறுமொறுப்பாகவே இருந்தது. ஒவ்வொரு முறை தொடும்போதும் சகலையின் கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தரை ஓட்டையைச் சுற்றி இருந்த இடைவெளியைப் பூசுவதற்கு ஒரு சட்டியில் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தேன். தொட்டி ஊமையாக ஓடியது. அப்போது ஓட்டைக்குள்ளிருந்து சகலையின் குரல் வந்தது. அதற்கு நேர் கீழே அவருடைய கட்டில். சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டு தன் தம்பியோடு போனில் பேசுவது அவருடைய ஞாயிற்றுக்கிழமை வழக்கம். இத்தனை நாளும் என் குழாய்ச் சத்தம் அந்தப் பேச்சை மறைத்திருக்கிறது. மாமாவைப் பற்றியும் என்னைப் பற்றியும் பேசினார். மாடியை எப்படித் தன் பக்கம் எழுதி வாங்கப் போகிறார் என்று பேசினார். கடைசிவரை கேட்டேன். பிறகு குழைத்த சிமெண்டைக் குப்பையில் கொட்டினேன்.

அடுத்த ஞாயிறு மாமா கீழ்வீட்டில் சாப்பிட்டுவிட்டு விடைபெறும்வரை சந்துமுனை டீக்கடையில் காத்திருந்தேன். பஸ்ஸுக்குக் கிளம்பி வந்தவரைப் பிடித்து, குழாயை மாற்றிவிட்டேன், சத்தம் கேட்கிறதா என்று நீங்களே வந்து கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். நானாக ஒரு காரியத்துக்கு அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் ஆச்சரியப்பட்டு வந்தார். மாடிப்படி வெளியே தெருப்பக்கம் இருக்கிறது. கீழ்வீட்டுக்குத் தெரியாது.

தொட்டிக்குப் பக்கத்தில், மூலையை ஒட்டி நாற்காலி போட்டேன். பேசாமல் கேளுங்கள் மாமா என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துத் தண்ணீர்ச் சத்தத்தைத் தேடினார்.

"கெழவன் போயாச்சுடா," என்றது தரை. "கறிய அம்புட்டையும் வழிச்சுத் தின்னுட்டுப் போறான். மாடிய எழுதிக் குடுக்குற வரைக்கும் கொட்டித்தான் ஆகணும். மேல இருக்குறவன் ஒரு ஆளா? மீன் தொட்டியச் சாக்கு வச்சே கெளப்பிருவேன்."

மாமா கண்ணைத் திறக்கவில்லை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர், சாப்பிட்ட கை இன்னும் மணக்கிறது, நான் வேறு பக்கம் திரும்பியிருக்கலாம். நான் திரும்பவில்லை. அந்த முகத்தில் ஒவ்வொன்றாக இறங்கியதைக் கடைசிவரை பார்த்தேன். எனக்கு இனித்தது.

மாமா எழுந்தார்.

"தண்ணிச் சத்தம் ஒண்ணும் கேக்கல மாப்ள. தொட்டி இருக்கட்டும்," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு, படியில் நின்று, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்: "அடுத்த வாரம் ஒங்க வீட்ல எனக்குச் சோறு போடுவீகளா?"

மறுநாளே ஓட்டையைப் பூசிவிட்டேன்.

என் மனைவி அடுப்படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அக்காவும் அந்த வீட்டில்தானே இருக்கிறாள், அவள் என்ன தப்பு செய்தாள் என்று கேட்டாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கறி வாங்க அவள்தான் முதலில் பையை எடுத்தாள்.

இப்போது மாமா பஸ் இறங்கி நேராக மாடிக்கு வருகிறார். கீழ்வீட்டு வாசலில் மூத்த மகளிடம் மட்டும் நின்று ரெண்டு வார்த்தை பேசுவார். சகலை ஒரு நாள் என்னைப் படியடியில் மறித்தார். முகம் கறுத்திருந்தது.

"சகல, மாமா கிட்ட நீ என்ன சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லலண்ணே. தொட்டிச் சத்தம் கேக்குதான்னு பாக்கச் சொன்னேன். கேக்கலைன்னுட்டாரு."

அது பொய்யில்லை. அவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒரு நுனிகூட இல்லை. போனில் பேசியதைத் தம்பி எங்கேயாவது உளறியது, சம்பந்தி வீட்டார் யாராவது சொன்னது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறார் போலிருக்கிறது. தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டதாக மனைவி வந்து சொன்னாள். நான் மீனுக்கு இரை போட்டுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். அன்றைக்கு ரெண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.