மயிலைக்கு ஊட்டிய படையல் சோறு

பெரியசாமியைக் கும்பிடுகிற என் சனங்களுக்கு, கொல்லிமலை திருப்புலி நாட்டிலிருந்து சின்னப்பொண்ணு எழுதுகிறேன். நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒளித்ததால்தான் இத்தனை பாடும் பட்டேன்.

போன ஆனி மாதம் எங்கள் உழவு மாடு மயிலைக்கு வலது கொம்பில் புற்று வந்தது. கொம்பு ஆடியது. அடியில் சீழும் ரத்தமும் வடிந்தது. வலி தாங்காமல் தலையைச் சாய்த்தபடியே நிற்கும். எங்கள் காடு சரிவில் இருக்கிறது, டிராக்டர் ஏறாது. மயிலையும் அதன் ஜோடி மாடு செவலையும் சேர்ந்து இழுத்தால்தான் சாமை விதைக்க முடியும். அதற்கும் மேலே, பிள்ளை இல்லாத வீடு எங்களுடையது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அந்த இரண்டும்தான் இருக்கின்றன.

சேந்தமங்கலத்திலிருந்து வந்துபோகும் மாட்டு டாக்டரம்மா பார்த்துவிட்டு, கொம்பை அறுத்து எடுத்தால் பிழைக்கும் என்றார். செவ்வாய்க்கிழமை காலையில் செய்வதாகச் சொன்னார்.

"முந்தின நாள் காலையிலிருந்தே தீனி போடக் கூடாதுங்க்கா. மயக்க ஊசி போடப்போறேன். வயிறு காலியா இருக்கோணும்" என்று என்னிடம்தான் சொன்னார். நானும் நன்றாகத் தலையாட்டினேன்.

ஆனால் எங்கள் வீட்டு வழக்கம் வேறு. இரும்பு படப்போகிற உயிரை வெறும் வயிற்றோடு விட மாட்டோம். பெரியசாமிக்குச் சாமைச் சோறு படைத்து, அதை ஊட்டித்தான் விடுவோம். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் டாக்டரம்மாவை அழைத்துவர பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார். நான் வெல்லம் போட்டுச் சோறு ஆக்கி, சாமி கல்லுக்கு முன்னால் படைத்தேன். ஒரு பிடிதான் கொடுக்க நினைத்தேன். ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்த மாடு, என் கையை நக்கிக்கொண்டே நின்றது. மனசு கேட்கவில்லை. குண்டாவையே நகர்த்தி வைத்தேன். தின்று முடித்ததும் அதன் வாயைத் துடைத்தேன். குண்டாவையும் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

டாக்டரம்மா வந்து ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் எச்சில் ஒழுகி, கால் மடங்கி, மயிலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தலையை என் மடியில் தாங்கிக்கொண்டேன். கொம்பில் இன்னும் கத்தி வைக்கவில்லை. அதற்குள் வயிறு உப்ப ஆரம்பித்தது. தட்டினால் மத்தளம் மாதிரி சத்தம். மூச்சு இழுத்தது. நாக்கு வெளியே தொங்கி நீலமாகிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, தீனி ஏதாச்சும் போட்டீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நேத்துக் காலையிலிருந்து ஒண்ணும் இல்லீங்க" என்றார் என் வீட்டுக்காரர். பாவம், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"அப்ப வெறும் காத்துதான். அதை எடுத்துட்டு அறுத்துடலாம். கொம்பு ரொம்பப் பழுத்துப்போச்சு" என்று டாக்டரம்மா குழாயைத் தேடினார்.

நான் வாயைத் திறக்கவில்லை. புருஷனுக்குப் பயந்தேன் என்று சொன்னால் பொய். படைத்த சோறு மாட்டைக் கொல்கிறது என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? அது சாமியைக் குறை சொன்னதாகிவிடாதா? 'பெரியசாமி, என் மயிலையைக் குடுத்துடு' என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். அதன் காது சில்லிட்டுக்கொண்டே வந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. நான் தாங்கிப் பிடித்திருந்தும் என்னால் ஒன்றும் ஆகவில்லை. அழக்கூட முடியவில்லை.

கடைசியில் கேட்பதற்கு வார்த்தை தீர்ந்துபோனது. 'சாமி, நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு' என்றேன். அவ்வளவுதான், அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. அழுகையோடு அதுவும் வெளியே வந்தது.

"நான்தானுங்க போட்டேன். ஒரு குண்டா சோறு. வெல்லம் போட்டு."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். டாக்டரம்மா திட்டவில்லை. "அறுக்க வேண்டாம். மொதல்ல எழுப்போணும். இப்படியே கெடந்தா சோறு மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிரும்" என்றார். எல்லோரும் சேர்ந்து மயிலையைப் புரட்டி நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்திப் பிடித்தோம். அவர் வாய் வழியாகக் குழாய் விட்டார். காற்றோடு புளித்த வெல்ல வாசனையும் வந்தது. பிறகு பையிலிருந்து ஒரு சின்ன மருந்துப் புட்டியை எடுத்தார்.

"மயக்கத்தை முறிக்கிற மருந்துங்க்கா. இது ஒண்ணுதான் கைவசம் இருக்குது. சாமியக் கும்பிட்டுக்கங்க."

ஊசி போட்டார். காத்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. முதலில் ஒரு காது அசைந்தது. பிறகு கண் திரும்பி என்னைத் தேடியது. தள்ளாடித் தள்ளாடி மயிலை எழுந்து நின்றபோது நான் அதன் காலடியில் விழுந்து கிடந்தேன்.

எட்டு நாள் கழித்து மறுபடியும் நாள் வைத்தோம். இந்த முறை என் வீட்டுக்காரர் சமையல்கட்டு வாசலிலேயே காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் சாமிக்கு மட்டும் படைத்தேன். "மயிலைக்கு இன்னைக்கு இல்ல சாமி, பொறுத்துக்க" என்றேன். கொம்பை எடுத்தார்கள். மறுநாள் அது அசை போட்டதைப் பார்த்த பிறகுதான் ஒரே ஒரு பிடி ஊட்டினேன். ஆடியில் ஒற்றைக் கொம்போடு செவலைக்குப் பக்கத்தில் நின்று ஏர் இழுத்தது. சாமை முளைத்துவிட்டது.

என் மயிலையைக் குடு என்று கேட்டேன். பெரியசாமி முதலில் என் வாயைத் திறந்தார், அப்புறம்தான் மாட்டைக் கொடுத்தார். நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள், கைவிட மாட்டார். ஆனால் டாக்டர் கேட்பதற்கு உள்ளதைச் சொல்லிவிட்டு அப்புறம் கண்ணை மூடுங்கள்.