எட்டு பாக்கெட் பேண்ட்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஓசூரில் லேத் பட்டறை, கோவையில் மெஸ், பிறகு பெங்களூர். காக்ஸ் டவுனில் மூன்று பேரோடு ஓர் அறை. நகருக்கு வெளியே ஏர் பிஸ்டல் மைதானம் ஒன்றில் வேலை. ஆட வருபவர்கள் ஓடி, மண்டியிட்டு, இரும்புத் தகடுகளைச் சுட்டு வீழ்த்துவார்கள். விழுந்த தகடுகளை நான் நிமிர்த்தி வைக்க வேண்டும். ஓய்வு நேரத்தில் நான் சுட்டதைப் பார்த்த கோச், ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் எனக்கும் ஒரு வாய்ப்புத் தருவதாகச் சொன்னார்.

"ஆனா இந்த ஜீன்ஸ்ல மண்டி போட முடியாதுப்பா. வெயில் வேற. லைட்டா ஒரு டாக்டிகல் பேண்ட் வாங்கிக்கோ."

டாக்டிகல் என்றால் என்னவென்று கேட்க வெட்கமாக இருந்தது. சிவாஜிநகர் கடைக்காரரிடம் கேட்டேன்.

"எட்டு பாக்கெட் இருந்தா டாக்டிகல் பாய், அவ்ளோதான்."

முட்டியில் இரட்டைத் துணி வைத்தது வெயிலில் புழுங்கும். ஒற்றைத் துணி கிழியும். பருத்தி வியர்வையைக் குடித்துக் கனக்கும். சீக்கிரம் காய்வது காலில் ஒட்டும். ஒரு மணி நேரம் தொட்டுத் தொட்டுப் பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் தூக்கிப் பார்த்து, எடை குறைந்ததை எடுத்தேன். ராணுவப் பச்சைத் திட்டுகள் போட்டது. சுடுகிற இடத்துக்குப் பொருத்தம்தான் என்று நினைத்தேன். இடுப்பில் எலாஸ்டிக் என்பதால் போட்டியன்று பெல்ட்டும் கட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோச் மைதான வாசலிலேயே நிறுத்தினார்.

"யோவ், மிலிட்டரி டிசைன் உள்ள வரக்கூடாதுன்னு ரூல். விளையாட வந்தியா, பார்டருக்குப் போறியா?"

கழிப்பறைக்குப் பின்னால் போய், பேண்ட்டை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டு வந்தேன். கோச் என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மெல்லிய துணி, திட்டுகள் மறுபக்கமும் தெரிந்தன. பாக்கெட்டுகள் எல்லாம் வெளியே தொங்கின.

"எட்டு காது முயல் மாதிரி இருக்கே! இதுவும் ஆகாது, போ போ."

ஆடி முடித்து அரை டிராயருக்கு மாறியிருந்த ஒரு பேங்க் ஆபீசர், தன் பேண்ட்டை என்னிடம் நீட்டினார். "இத போடு தம்பி. உன்ன மாதிரி ரெண்டு பேர் உள்ள போலாம்."

பஸ்ஸர் அடித்தது. இடது கையால் அவர் பேண்ட்டின் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன், வலது கையால் மட்டும் சுட்டேன். ஐந்து தகடுகளில் நான்கு விழுந்தன. மண்டியிட்டபோது பேண்ட் சரிந்தது, ஐந்தாவது தப்பிவிட்டது.

"ஒத்தக் கை ஸ்டைல் நல்லாருக்கே, யார் சொல்லிக் குடுத்தா?" என்றார் கோச். கிண்டலா, நிஜமா என்று தெரியவில்லை. "அடுத்த மாசமும் ஆடு. பேண்ட் மட்டும் ஒழுங்கா வாங்கு."

"எது சார் வாங்கணும்?"

"முட்டி கெட்டியா இருக்கணும்," என்றார் ஆபீசர்.

"வெயில்ல வெந்துடுவான் சார். மெல்லிசுதான் சரி," என்றார் கோச்.

இருவரும் வாதாடத் தொடங்கினார்கள். நான் இடுப்பைப் பிடித்தபடி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.